கடலோர கேரவன் பார்க்கில் நாயோடு தங்குவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். சிட்னியில் கால்நடை மருத்துவமனை ஒன்றில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியை, மாட்டிக்கொண்டு எங்கள் நாய் மணியோடு கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவோம். அதை நிறுத்தித் தங்கும் இடம்தான் கேரவன் பார்க். நேற்றிரவு கேள்விகளைக் கேட்கச் சொன்னேன், நிறையவே வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, "பெட் ஃப்ரெண்ட்லி" என்று போட்டிருந்தால் நேராக புக் செய்துவிடலாமா?

வேண்டாம், முதலில் ஃபோன் செய்து பேசுங்கள். ஒவ்வொரு பார்க்கிலும் அந்த வார்த்தைக்கு ஒவ்வொரு அர்த்தம். சில இடங்களில் கேரவன், கூடாரம் போடும் சைட்டில் நாய் இருக்கலாம், கேபினுக்குள் கூடாது. சில இடங்களில் இரண்டு நாய்க்கு மேல் விடமாட்டார்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பள்ளி விடுமுறை நாட்களில் நாயே வேண்டாம் என்கிற பார்க்குகளும் உண்டு. வழக்கமாக நாயை ஏற்றுக்கொள்பவர்களே அந்த வாரங்களில் மறுப்பார்கள் என்பதால் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். நாயைத் தனியாக விட்டுப் போகலாமா, நாய் போகக்கூடிய கடற்கரை நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று. பார்க் நாயை ஏற்றுக்கொண்டாலும், வேலிக்கு அந்தப் பக்கம் தேசியப் பூங்காவாக இருந்தால் பெரும்பாலும் அங்கே நாய் கால் வைக்கக் கூடாது. ஜெர்விஸ் பே பக்கம் பூடெரி தேசியப் பூங்காவுக்கு நாயோடு போய் வாசலோடு திரும்பி வந்தவர்கள் பலர். கரை அழகாக இருக்கும், வாசலில் நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருக்கும்.

மாதா மாதம் உண்ணி மாத்திரை கொடுக்கிறேன். கடலோரம் போனாலும் கவலை இல்லைதானே?

இதற்குத்தான் நான் இங்கே வந்ததே. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வடக்கு குயின்ஸ்லாந்திலிருந்து விக்டோரியாவின் லேக்ஸ் என்ட்ரன்ஸ் பக்கம் வரை, கிழக்குக் கரையை ஒட்டிய பட்டையில் பாராலிசிஸ் உண்ணி, அதாவது கடித்த நாயின் உடம்பைச் செயலிழக்க வைக்கும் உண்ணி, இருக்கிறது. 1899ல் நியூமன் என்ற அறிஞர் ஐக்சோடிஸ் ஹோலோசைக்ளஸ் என்று பெயர் வைத்த அதே உயிர்தான். நாம் கேரவனை நிறுத்தும் இடங்களும் அது வாழும் இடங்களும் ஒன்று. ஈரமான புதர், உயரமான புல், இரவில் மண்ணைக் கிளறும் பாண்டிகூட். (பாண்டிகூட் என்ற பெயர் பெருச்சாளிக்கான தெலுங்குச் சொல்லிலிருந்து போனது. இந்த ஊர்ப் பாண்டிகூட் பெருச்சாளி இல்லை, குட்டியைப் பையில் வளர்க்கும் விலங்கு.) அதன் உடம்பில் ரத்தம் குடித்துக் கீழே விழும் உண்ணி, அடுத்த பருவத்துக்கு வளர்ந்த பிறகு உங்கள் நாய் மேல் ஏறுகிறது.

கடித்தவுடன் எதுவும் தெரியாது. எச்சிலில் உள்ள நஞ்சு வேலை காட்ட மூன்று நாள் போலப் பிடிக்கும். அதற்குள் விடுமுறை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பீர்கள். முதலில் குரைக்கும் சத்தம் மாறும். பிறகு பின்னங்கால் தள்ளாடும், சோஃபாவில் ஏற முடியாது. வாந்தி வரலாம். அப்புறம் மூச்சு.

மாத்திரை கட்டாயம் கொடுங்கள். பிரவெக்டோ, நெக்ஸ்கார்ட் மாதிரி மாத்திரைகள் வந்த பிறகு நிறைய நாய்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் எதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. கொடுத்த நாள் தள்ளிப்போயிருக்கலாம், மாத்திரையை நாய் பின்பக்கம் போய்க் கக்கியிருக்கலாம். அதனால் தினமும் கையால் தேடுங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. விரல் நுனியை முடிக்குள் விட்டு, தோலைத் தொட்டபடி மூக்கிலிருந்து வால் வரை மெல்ல நகர்த்துங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு அடியில் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறு ஓரம், காதுக்குள், விரலிடுக்கு, அக்குள், வாலுக்கு அடியில். பெரும்பாலும் தலை, கழுத்துப் பக்கம்தான் இருக்கும். மிளகு அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் நின்று, முடியைப் பிரித்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

எங்கள் மணிக்கு ஒரு தடவை நானே தவறவிட்டேன். இந்த வேலையிலேயே இருந்துகொண்டு, அன்றைக்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றாமல் தேடினேன். அங்கேதான் இருந்தது. இரண்டு இரவு மருத்துவமனைத் தரையில் அதன் பக்கத்தில் படுத்திருந்தேன். பிழைத்துக்கொண்டது.

பூனையைக் கூட்டிப் போகலாமா?

பார்க்கைக் கேளுங்கள். கூட்டிப் போனால் உள்ளேயே வைத்திருங்கள். நாய்க்கு விடும் உண்ணி மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள், பெர்மெத்ரின் கலந்தது பூனையைக் கொன்றுவிடும்.

என் காருக்கு எவ்வளவு எடையுள்ள கேரவன் இழுக்கலாம்?

எனக்குத் தெரியாத துறை. கார் கையேட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேரவன் விற்பவரிடம் கேளுங்கள்.

பகலில் தேசியப் பூங்கா பார்க்கப் போகும்போது நாயைக் காரில் விட்டால்? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம்.

கூடாது. 2005ல் வெளியான ஓர் ஆய்வில் மூடிய காருக்குள் வெப்பத்தை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது, அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே இதமான 24 டிகிரி என்றால் உள்ளே 46. நாய்க்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது, மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்.

கேரவனில் ஏசி போட்டு விடலாமே என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பார்க்கில் பிரேக்கர் விழுந்தால் ஏசி நிற்கும், கேரவன் இன்னொரு கார்தான். தவிர, தனியாக விடக் கூடாது என்பது பல பார்க்குகளின் விதி. ஒருவர் போய் வரட்டும், ஒருவர் நாயோடு இருங்கள். நாங்கள் அப்படித்தான் முறை வைத்துக்கொள்கிறோம்.

தங்கச்சி, உண்ணியை உயிரோடு பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் நஞ்சை உள்ளே கக்கிவிடும். ஸ்ப்ரே அடித்து உறைய வைத்துக் கொன்ற பிறகுதான் எடுக்க வேண்டும். என் டாக்டரே சொன்னார்.

அண்ணா, உங்கள் டாக்டர் சொன்னது சரி. அது உங்களுக்கு. உண்ணி கடித்தவர்களுக்கு இறைச்சி ஒவ்வாமை வரலாம் என்பதை ஷெரில் வான் நூனன் என்ற சிட்னி மருத்துவர் கண்டறிந்து 2009ல் எழுதினார். அந்த மாதிரி ஒவ்வாமைகளுக்காகத்தான் மனிதர்களுக்கு "இருக்கும் இடத்திலேயே உறைய வைத்துக் கொல்" என்று ஒவ்வாமை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாய்க்குப் பிரச்சினை வேறு. உண்ணி ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஞ்சு போய்க்கொண்டிருக்கிறது. கண்டதும் எடுத்துவிடுங்கள்.

அண்ணன் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் தடவுவோம், தானாக விழுந்துவிடும்.

தடவாதீர்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குப் போகும், விழும்வரை காத்திருக்கும் நேரமெல்லாம் நஞ்சு ஏறும். உண்ணி எடுக்கும் கொக்கியோ மெல்லிய இடுக்கியோ வாங்கிக் கேரவனில் வையுங்கள். தோலை ஒட்டிய இடத்தில் பிடித்து இழுங்கள், உடம்பைப் பிதுக்காதீர்கள்.

தலை உள்ளே மாட்டிக்கொண்டால்?

வாய்ப்பகுதி கொஞ்சம் தங்கினால் அந்த இடம் வீங்கலாம், அவ்வளவுதான். நஞ்சுச் சுரப்பி உடம்போடு வந்துவிடும். அதைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

தங்கச்சி, நான் 20 வருடமாக இங்கே நாய் வளர்க்கிறேன்...

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். எங்கள் மருத்துவமனைக்கு உண்ணியோடு வரும் ஒவ்வொரு நாய்க்கும் நாங்கள் முதலில் செய்வது அதை எடுப்பது. இதில் எனக்கு வேறு பதில் இல்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

கடற்கரையில் நாய் கடல்நீரைக் குடிக்கிறது. பரவாயில்லையா?

ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. ஒரு வாய் போனால் வயிற்றுப்போக்கு. அலையில் பந்தைத் துரத்தித் துரத்தி நிறையக் குடித்தால் வலிப்பு வரை போகும். கால்மணிக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் கொடுங்கள், பந்தைக் காய்ந்த மணலில் போடுங்கள். கரையில் ஒதுங்கிய பேத்தை மீனை வாயில் வைக்க விடாதீர்கள். செத்துக் காய்ந்திருந்தாலும் அதன் நஞ்சு போகாது, முறிவு மருந்தும் கிடையாது.

தெற்குக் கரைகளில் வசந்தம், கோடை முழுக்க ஹூடட் பிளவர் என்ற சிறு பறவை வெறும் மணலிலேயே முட்டையிடும். கயிறு கட்டி வைத்த இடம் தெரிந்தால் நாயை வாரில் பிடித்துக்கொண்டு ஈர மணல் ஓரமாக நடங்கள்.

நடைபாதைத் தொடக்கத்தில் "1080" என்று பலகை இருந்தது. என்ன அது?

நரிக்கு வைக்கும் நஞ்சு இறைச்சி. முறிவு மருந்து இல்லை. அந்தப் பலகை உள்ள பாதையில் நாயோடு போகவே போகாதீர்கள், வாரில் பிடித்திருந்தாலும்.

எங்களுடையது சின்ன நாய், வெளியே அதிகம் விடமாட்டோம். உண்ணி தேட வேண்டுமா?

வேண்டும்.

குளிர்காலத்தில்?

வேண்டும். வசந்தத்தில் அதிகம், மற்ற மாதங்களிலும் உண்டு.

முடியை ஒட்ட வெட்டிவிட்டோம், அப்போதுமா?

அப்போதும். தேடுவது சுலபம், அவ்வளவுதான். இதே கேள்வி ஏழாவது தடவை. மேலே எழுதியதைத் தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

டாஸ்மேனியாவுக்குக் கப்பலில் கூட்டிப் போக என்ன வேண்டும்?

போவதற்கு முந்தைய 14 நாட்களுக்குள் ஹைடாடிட் நாடாப்புழு மருந்து கொடுத்து அதற்கான சான்று கையில் வேண்டும். மற்றதை பயோசெக்யூரிட்டி டாஸ்மேனியா தளத்தில் பாருங்கள்.

அக்கா, இப்போது போர்ட் மக்குவாரி பக்கம் பார்க்கில்தான் இருக்கிறோம். சாயங்காலத்திலிருந்து நாய் குரைக்கும்போது தொண்டை கட்டின மாதிரி இருக்கிறது. சாப்பிட்டுத் தூங்கட்டும், காலையில் பார்க்கலாமா?

இல்லை தம்பி, இப்போதே கிளம்புங்கள். சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். தொண்டை வேலை செய்யாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். இரவு திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, "உண்ணியாக இருக்கலாம், சீரம் இருக்கிறதா" என்று கேளுங்கள். சீரம் என்பது உண்ணி நஞ்சை முறிக்கும் மருந்து. நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், வண்டியைக் குளிர்ச்சியாக வையுங்கள். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் பின்னால் உட்கார்ந்து கழுத்திலிருந்து தேடட்டும்.

கிளம்பிவிட்டோம் அக்கா. காதுக்குப் பின்னால் ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன். இனி திரும்பிவிடலாமா?

திரும்பாதீர்கள். எடுத்த பிறகும் ஒன்றிரண்டு நாள் மோசமாகிக்கொண்டே போகும். இன்னொன்றும் இருக்கலாம், அங்கே முடியை மழித்துத் தேடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள், நான் முழித்திருக்கிறேன்.