இடது சிக்னல் போட்டால் நான்கும் மின்னுகிறது, பேட்டரியும் இறங்குகிறது: எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் கைமாறிய 2பி வண்டி (200 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிள்) ஒன்றை வாங்கியிருக்கிறார். முன்பு வைத்திருந்தவர் எல்இடி சிக்னல், யுஎஸ்பி சார்ஜர், அலாரம் எல்லாம் மாட்டியிருக்கிறார். புது பேட்டரி போட்டும் இரண்டு நாள் நிறுத்தினால் வண்டி கிளம்பவில்லையாம்.

இனி எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். முதலில் மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்ப் அளக்கும் கருவி) மட்டும் வாங்குங்கள். மாற்றம் செய்த வண்டிக்குக் கம்பெனி ஒயரிங் படம் பாதிதான் உண்மை. மீதியை யாரோ வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி வைத்திருப்பார்கள். சீட்டையும் முன் கவரையும் கழற்றி, கம்பெனி போடாத ஒயர் ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்கே போகிறது என்று காகிதத்தில் வரையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நண்பர்களின் வண்டிகளில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே பிடிபட்டுவிட்டன. நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் டேப் சுற்றிய இணைப்பு நிற்காது. உள்ளே பச்சை பூத்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, சாலிடர் வைத்து, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போடுங்கள்.

நான்கும் மின்னுவதற்கு வருகிறேன். பல சின்ன வண்டிகளில் வேகம் காட்டும் மீட்டரில் சிக்னலுக்கு ஒரே ஒரு பல்புதான். அதன் ஒரு முனை இடது பக்க ஒயரிலும் மறுமுனை வலது பக்க ஒயரிலும் இருக்கும். இடது போட்டால் மின்சாரம் இந்தக் குட்டி பல்பு வழியாக வலது பக்கம் போய் எர்த் ஆகும். பழைய பல்புகளை எரிய வைக்க அந்தச் சிறு மின்சாரம் போதாது, எல்இடிக்கு அதுவே போதும். அதனால் சிக்னலை மின்ன வைக்கும் ரிலேயை மட்டும் மாற்றினால், எல்இடி போட்டதால் வரும் அதிவேக மின்னல் நிற்குமே தவிர நான்கும் மின்னுவது நிற்காது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு வாங்கி, இடது ஒயரிலிருந்து ஒன்று, வலது ஒயரிலிருந்து ஒன்று, இரண்டையும் மீட்டர் பல்பின் ஒரே முனையில் சேருங்கள். கோடு போட்ட பக்கம் பல்பைப் பார்க்க வேண்டும். பல்பின் மறுமுனை எர்த்துக்கு.

அப்புறம் பேட்டரி. சாவியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்ப் அளவில் வையுங்கள். அப்படி வைத்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. சில மில்லி ஆம்ப் காட்டினால் பரவாயில்லை. 50 மில்லி ஆம்ப் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப்-மணி போகும். 5 ஆம்ப்-மணி பேட்டரி இரண்டு நாளில் கிட்டத்தட்ட பாதி காலி! பியூஸ்களையும், சேர்த்த சாமான்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. என் சந்தேகம் அலாரம் மேல். சார்ஜரும் பேட்டரியில் நேராக மாட்டியிருந்தால் அதைச் சாவிக்குப் பின்னால் வரும் ஒயருக்கு மாற்றி, தனி பியூஸ் போடுங்கள். பியூஸ் போகிறதே என்று பெரிய பியூஸ் மட்டும் போடாதீர்கள், அது ஒயரை எரிக்கும்.

இஆர்பி ஓபியு (சாலைக் கட்டணம் கழிக்க வண்டியில் மாட்டியிருக்கும் கருவி) ஒயரில் கை வைக்காதீர்கள். அதில் சந்தேகம் வந்தால் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மாட்டியிருக்கும் விளக்குகளுக்கு அனுமதி உண்டா என்பதையும் நிலப் போக்குவரத்து ஆணைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கசிவு இல்லை என்றால் இஞ்சினை ஓட்டி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் ரெக்டிபையர் போய்விட்டது. எல்லாம் சரி, ஆனாலும் வண்டி கிளம்பவில்லையா? திரும்பத் திரும்ப முழுதாக இறங்கியதில் புது பேட்டரியே கெட்டிருக்கலாம். பேட்டரி சார்ஜரில் ஏற்றி, ஓர் இரவு தனியாக வைத்து, காலையில் அளங்கள். 12.6 வோல்ட் நின்றால் நல்லது. 12.4-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.