முதல் நோன்பும் அம்மாவும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

முஸ்லிம் வீடுகளில் அக்காவைச் சொல்கிற மாதிரி ராத்தா என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. எனக்கு 26 வயது. கோப்பாய்ப் பக்கம் வீடு. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ஃபோன் திருத்தும் கடையில் வேலை. போன கார்த்திகையில் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தேன். வருகிற றமழான்தான் எனக்கு முதல் நோன்பு. ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் கை நடுங்குகிற ஆள் நான், ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி வேண்டும். ஒரு மாதம் இயலுமா என்று பயமாக இருக்கிறது. விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு என்ன சாப்பிடுவது? மறந்து தண்ணீர் குடித்துவிட்டால் என்ன செய்வது? எச்சில் விழுங்கலாமா? இத்தனை வருடம் பிடிக்காத நோன்புகளையும் திருப்பிப் பிடிக்க வேண்டுமா?

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அவவும் விரதக்காரி, கந்த சஷ்டி ஆறு நாளும் பிடிப்பா. "என்ர விரதம் மாதிரித்தானே தம்பி?" என்று ஒருநாள் கேட்டா. "உங்கட விரதம் பாலும் பழமும் சாப்பிடுற சடங்கு, இது அப்படி இல்லை" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு கிழமையாக வீட்டில் கதை இல்லை. எதற்குப் பிரச்சினை என்று, நோன்பு மாதம் முழுக்க லீவு போட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு நண்பனின் அறையில் தங்கலாம் என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள தம்பி,

அக்கா என்றே எழுதுங்கள். கலிமா சொன்னதும் வாயில் இருக்கிற சொல்லெல்லாம் மாற வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் உம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருந்தேன். உம்மா மவுத்தாகி இந்த மாதத்தோடு பத்து வருடம். நாலு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, நிறுத்தி வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அது வேறு மாதிரி எழுத வேண்டியது என்று விளங்கியது.

முதலில் உங்கள் கேள்விகள்.

ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சும்மா விட வேண்டாம். நோன்புக்கு முன் ஒரு டொக்டரிடம் போய் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பாருங்கள். வருத்தக்காரருக்கும் பயணிக்கும் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது. அந்த வசனத்திலேயே (2:185) அல்லாஹ் உங்களுக்கு இலகுவைத்தான் நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்றும் வருகிறது. தலை சுற்றிக் கண் இருட்டினால் நோன்பை விட்டுவிட்டு, உடம்பு தேறியதும் அந்த நாளுக்கு ஈடாக வேறொரு நாள் கழா நோன்பு பிடியுங்கள். விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தேத்தண்ணியை இன்றிலிருந்தே குறையுங்கள். ஆறை நாலாக்குங்கள், பிறகு இரண்டாக்குங்கள். உங்களைப் போல் குடிக்கிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் வருகிற தலையிடி பெரும்பாலும் பசியால் வருவதில்லை, தேத்தண்ணி திடீரென்று நின்றதால் வருவது. சஹருக்குச் சிவப்பரிசிச் சோறோ புட்டோ, ஒரு முட்டை அல்லது பருப்பு, ஒரு வாழைப்பழம் போதும். கருவாடும் ஊறுகாயும் வேண்டாம், பகல் முழுக்கத் தண்ணீர் கேட்கும். கடைசி நிமிடத்தில் ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதில் பயனில்லை. நோன்பு திறந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். திறக்கும்போது பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி. ரோல்ஸும் சமோசாவும் அப்புறம். இந்த முறை நோன்பு மாசி பங்குனியில் வருகிறது, சித்திரை வெயில் இல்லை. விடிய ஐந்து மணியை ஒட்டித் தொடங்கி, பின்னேரம் ஆறேகால் தாண்டி முடியும். 13 மணித்தியாலம், அதற்குமேல் கொஞ்சம். அவ்வளவுதான்.

மறந்து சாப்பிட்டாலோ குடித்தாலோ நோன்பு முறியாது. ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடருங்கள், அது அல்லாஹ் ஊட்டியது என்று நபிமொழி இருக்கிறது. கலிமாவுக்கு முந்திய வருடங்களின் நோன்பு உங்கள் கணக்கில் இல்லை. எச்சிலைத் தாராளமாக விழுங்குங்கள். மிச்சச் சட்டங்களை ஐந்து சந்திப் பக்கம் பள்ளிவாசலில் மௌலவியிடம் கேளுங்கள். கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். இரண்டு நாள் அங்கேயே நோன்பு திறந்தால் முகம் தெரிந்துவிடும், பிறகு யாரும் உங்களைப் புது ஆளாகப் பார்க்க மாட்டார்கள்.

சரி. இனி அந்தப் பாலும் பழமும்.

தம்பி, அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் ஆறவில்லை. ஒரே வீட்டில் 26 வருடம் இருந்திருக்கிறீர்கள். கந்த சஷ்டியை நம் ஊரில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு நேரம் பால் பழம் எடுக்கிறவர்கள் உண்டு. இளநீரோடு நிற்கிறவர்கள் உண்டு. மிளகும் தண்ணீருமாக ஆறு நாளும் இருந்து, ஏழாம் நாள் விடியத்தான் பாறணை பண்ணுகிறவர்களும் உண்டு. உங்கள் அம்மா இதில் யார்? பார்த்திருக்கிறீர்களா? அந்த ஆறு நாளும் உங்களுக்கு மூன்று நேரமும் சமைத்தது யார்? வெறும் வயிற்றோடு நின்று உங்கள் கோப்பையில் சோறு போட்டு, "உப்புக் காணுமோ?" என்று உங்களிடமே கேட்டது யார்? உப்புப் பார்க்கக்கூட வாயில் வைக்காமல் சமைத்த கை அது.

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி மழுப்ப நான் வரவில்லை. எனக்கு நோன்பு ஐந்து கடமைகளில் ஒன்று. அது யாருக்காக, ஏன் என்பதில் உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கிறது, அவவுக்கும் அது தெரியும். ஆனால் அவ உங்களிடம் கேட்டது அகீதாவை, மார்க்க நம்பிக்கையைப் பற்றியா? "என்ர விரதம் மாதிரித்தானே" என்று கேட்ட மனுசி உங்கள் பக்கம் ஒரு எட்டு வைத்திருக்கிறா. பிள்ளை வேறு வழியில் போய்விட்டான், அதில் தனக்குத் தெரிந்த ஒரு இடமாவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறா. நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

என் கதைக்கு வருகிறேன்.

1990 இல் றமழான் மார்ச் கடைசியில் தொடங்கியது. இந்திய இராணுவம் முழுதாக வெளியேறிச் சில நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. சோனகதெருவில் எங்கள் வீட்டில் நான் பிடித்தது அரை நோன்பு. மத்தியானத் தொழுகைக்கு லுஹர் வாங்கு சொன்னதும் சோறு கிடைக்கும், கூடவே பாராட்டும். அதுதான் யாழ்ப்பாணத்தில் எங்கள் கடைசி நோன்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன், இங்கே வேண்டாம்.

அடுத்த நோன்பு 1991 மார்ச்சில், புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டத்தில், கிடுகுக் கொட்டிலுக்குள் வந்தது. தரையெல்லாம் மணல். கிணற்றுத் தண்ணீர் உவர், பவுசரில் நல்ல தண்ணீர் வந்தால் வாளியோடு ஓட வேண்டும். எனக்குப் பத்து வயது ஆகிவிட்டது, இந்த முறை முழு நோன்பு என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முதல் நாள் இரவு உம்மாவின் கையைப் பிடித்து, "என்னைக் கட்டாயம் எழுப்ப வேணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் படுத்தேன்.

உம்மா எழுப்பவில்லை.

கண் விழித்தபோது கிடுகு ஓட்டையால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. எழும்பி வெளியே வந்தேன். மூன்று கல் அடுப்புப் பக்கத்தில் எங்கள் ஒரே அலுமினியச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் கரி போகத் தேய்த்திருந்தது, பக்கத்தில் மணலில் ஈரம். எனக்கு அது போதும். "எல்லாரும் திண்டுபோட்டுச் சட்டியையும் கழுவி வச்சிட்டீங்கள், என்னை மட்டும் விட்டிட்டீங்கள், நீங்கள் ஒரு உம்மாவா?" என்று முகாம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். உம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கிருந்தே கிடுகு பின்னிக்கொண்டிருந்தா. அந்தக் கோபத்தில் நான் நோன்பைப் பிடித்தேன். சாப்பிடச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். தென்னை நிழல் நகர நகர நானும் நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பொழுதுபட்டு மஃரிபுக்கு உம்மா தகரக் கோப்பையில் கஞ்சி நீட்டினா. முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தேன். இரண்டு நாள் அவவோடு கதைக்கவில்லை.

எட்டு வருடம் கழித்து ராத்தா சொன்னா. அந்த இரவு சட்டியில் இருந்தது ஒரு ஆளுக்குத் தேவையான சோறுதான். வாப்பா விடிய விறகு வெட்டக் கூலிக்குப் போக வேண்டும், அதை உம்மா அவருக்குப் போட்டா. உம்மா அந்த உவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத் வைத்தா. எழுப்பினால் நானும் தண்ணீரோடு நோன்பு பிடிப்பேன் என்று என்னைத் தூங்க விட்டா. சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தது, அதில் ஒன்றும் இருக்கவில்லை என்று நான் காணக் கூடாது என்பதற்காக.

நோன்பு என்ற சொல்லை நாங்கள் அரபியிலிருந்து எடுக்கவில்லை, அங்கே அது ஸவ்ம். நோற்றல் என்றால் பொறுத்தல், தாங்கிக்கொள்ளல். பாடசாலையில் நாம் எல்லாரும் படித்த குறள்தான்: "உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும் இன்னாச்சொல் நோற்பாரின் பின்." சாப்பிடாமல் நோற்கிறவர்கள் பெரியவர்கள், ஆனால் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுக்கிறவர்களுக்குப் பின்னால்தான். உம்மா அன்று இரண்டையும் நோற்றா. கடுஞ்சொல் என்னுடையது. உங்கள் அம்மா இந்த இரண்டு கிழமையாக நோற்றுக்கொண்டிருப்பது உங்களுடையது.

ராத்தா சொன்ன அன்றே உம்மாவிடம் போனேன். "அது எப்பவோ நடந்தது" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டா. எட்டு வருடமாக நான் மனதில் வைத்திருந்த நோன்புக் கணக்கில் முதல் முழு நோன்பு என்று பெருமையாக எழுதியிருந்தது அந்த நாளைத்தான்.

உங்களுக்கு மார்க்க ஆதாரம்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. அபூபக்கரின் மகள் அஸ்மாவைப் பார்க்க அவருடைய தாய் மதீனாவுக்கு வந்தார். தாய் அப்போது முஸ்லிம் இல்லை. தாயோடு உறவாடலாமா என்று அஸ்மா நபியிடம் கேட்டார். ஆம், உன் தாயோடு உறவைப் பேணு என்பதுதான் பதில், புகாரியில் இருக்கிறது. பெற்றோர் இணைவைக்கச் சொன்னால் அதில் மட்டும் கட்டுப்படாதே, ஆனால் உலக வாழ்வில் அவர்களோடு நல்லபடியாக இரு என்கிறது குர்ஆன் (31:15). அம்மா உங்களை அப்படி ஒன்றும் கேட்கக்கூட இல்லையே. ஒரு மாதம் வீட்டை விட்டுப் போவதற்கு மார்க்கத்தைச் சாட்டாக வைக்காதீர்கள்.

கொழும்புக்குப் போக வேண்டாம். அந்த அறையில் நாலு பொடியங்களோடு கடைச் சாப்பாடு வாங்கிச் சஹர் செய்து நோன்பு பிடிப்பது இலகுவாகக்கூட இருக்கலாம். ஆனால் முதல் நோன்பு எப்படிப் பிடிப்பது என்று முகம் தெரியாத எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் கேட்க வேண்டிய ஆள் உங்கள் வீட்டுக் குசினியில் இருக்கிறா. வருடம் வருடமாக ஆறு நாள் வயிற்றைக் கட்டிய மனுசிக்கு மூன்றாம் நாள் தலையிடி எப்படி இருக்கும், எந்த நேரத்தில் உடம்பு சோரும், எப்போது கொஞ்சம் படுக்க வேண்டும், விரதம் முடித்து முதல் கவளம் எவ்வளவு மெதுவாக உள்ளே போக வேண்டும் என்றெல்லாம் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்றிரவு கடையால் வந்ததும் கேளுங்கள். மன்னிப்பை நீட்டி முழக்க வேண்டாம், நம் ஊர் அம்மாக்களுக்கு அது சங்கடம். "அம்மா, சஷ்டியில தலையிடி வந்தா என்ன செய்வீங்கள்?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள்.

பிறை தெரிந்த இரவு அலாரத்தை நாலேகாலுக்கு வையுங்கள், அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வையுங்கள். அவ உங்களுக்கு முன்னமே எழும்பி அடுப்பு மூட்டினால், "நீங்கள் படுங்கோ, நான் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். புட்டு அவியும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா