கிராணியிடம் கேளுங்கள்: அறுபது வயதும் அரசாங்க மருத்துவமும்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முப்பத்தோரு ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து செக்ரோல் என்னும் வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதியவன் நான். வேலையை விட்டு நிற்பவர்களுக்கு இப்போதும் மனுப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். கேளுங்கள்.

கிராணி ஐயா, அடுத்த மாதம் எனக்கு அறுபது. அரசாங்க மருத்துவக் காப்புறுதிக்கு எங்கே பதிய வேண்டும்?

அறுபது வயதில் பதிய வேண்டிய அப்படி ஒரு காப்புறுதி நம் மலேசியாவில் இல்லை, அம்மா. அரசாங்க மருத்துவமனை வரிப்பணத்தில் நடக்கிறது. குடிமக்களுக்குச் சாதாரண கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரிடம் 5 வெள்ளி. அறுபது நிறைந்தவர் அடையாள அட்டையைக் காட்டினால் அந்த 1 வெள்ளியும் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது 2019இல் வந்த பெக்கா பி40, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டம். அதற்குத் தனியாகப் பதிய வேண்டியதில்லை. எஸ்டிஆர் என்னும் அரசாங்க உதவித்தொகை பெறுபவரும், அந்த மனுவில் பெயர் உள்ள கணவரோ மனைவியோ 40 வயது நிறைந்திருந்தால் தகுதி பெறுகிறார்கள். ஆகவே முதலில் எஸ்டிஆர் மனுவைச் சரிபாருங்கள். திட்டத்தில் சேர்ந்த கிளினிக்கில் பரிசோதனை இலவசம். முதல் முறை இரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். இரண்டாம் முறை முடிவைச் சொல்வார்கள். நம்மவர்கள் ஊசி குத்தியதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது காகிதத்தில் தூங்குகிறது! கண் வில்லை, இருதயக் குழாய்க்கான ஸ்டென்ட் போன்றவற்றுக்கு 20,000 வெள்ளி வரை கிடைக்கும். அதற்கு அரசாங்க மருத்துவமனை டாக்டர் எழுதித் தர வேண்டும்.

இதில் எதற்கும் யாருக்கும் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

மகள் அரசாங்கப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. அரசு ஊழியரின் பெற்றோருக்கும் அரசாங்க மருத்துவமனையில் சலுகை இருக்கிறது. மகளிடம் உத்தரவாதக் கடிதம் கேளுங்கள்.

குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் சிவப்பு அடையாள அட்டைக்கு?

எஸ்டிஆர் குடிமக்களுக்கு மட்டும். அது இல்லாமல் பெக்காவும் இல்லை. குடியுரிமை மனுவுக்குப் பதிவிலாகாவை நாடுங்கள்.

அப்பா இன்னும் செம்பனைக் குலை வெட்டுகிறார். உண்மை வயது 63. மருத்துவச்சி கையில் பிறந்தவர். தாமதமாகப் பதிந்ததால் அட்டையில் 59. என்ன செய்வது?

முகப்பில் இருப்பவர் பார்ப்பது பிறந்த தேதியைக் காட்டும் அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களைத்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவரை ஒரே நாளில் பதியப் போய், மூவருக்கும் ஒரே பிறந்த தேதி விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் இரட்டையர்கூட இல்லை.

(வேறொருவர்) நான்கு வயது குறைவது நல்லதுதானே, ஐயா? கூட நான்கு ஆண்டுகள் சம்பளம்.

(இன்னொருவர்) தம்பி, அரிவாளைத் தூக்குகிற தோளுக்கு அட்டை எண் தெரியுமா? நீங்கள் ஒரு நாள் வெட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

(முன்னவர்) வெட்டியிருக்கிறேன், அண்ணே. அதனால்தான் சம்பளத்தின் அருமை தெரியும்.

இருவரும் நிறுத்துங்கள். சம்பளம், தோள் இரண்டையும் விட்டுவிட்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவைப் பாருங்கள். 60 வயது வரை வேலை விபத்துக்கும் இயலாமைக்கும் பாதுகாப்பு இருக்கிறது. 60க்குப் பிறகும் வேலை செய்தால் முதலாளி சந்தா கட்டுகிறார், ஆனால் வேலை விபத்துக்கு மட்டும். அட்டையில் 59 என்றால் உங்கள் அப்பாவுக்கு இயலாமைக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. தோளோ முழங்காலோ வேலைக்கு உதவாத நிலைக்கு வந்திருந்தால், அட்டை 60 காட்டுவதற்குள் டாக்டரிடம் காட்டி மனுச் செய்யட்டும். பதிந்தவர் செய்த தவறு இந்த ஓரிடத்தில் அவருக்குச் சாதகம்.

ஐயா, காப்புறுதிக்கு எங்கே பதிவது?

முதல் பதில்.

58 வயதில் மெடிக்கல் கார்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதி, வாங்கலாமா?

அது முகவர்களின் வியாபாரம், என் துறையன்று. வாங்கினால் இனிப்புநீரை மறைக்காதீர்கள்.

சாப்பாட்டுக் கடையில் ஒருவர் 50 வெள்ளிக்குப் பெக்காவில் பெயர் சேர்க்கிறேன் என்கிறார். எங்கே பதிவது என்று அவருக்குத் தெரியுமாம்.

பதிவே இல்லாததற்கு எங்கே பதிவார்? அடையாள அட்டையை அவர் கையில் கொடுத்திருந்தால் இப்போதே எழுந்து போய் வாங்கி வாருங்கள்.

ஐயா, அப்பாவிடம் சொன்னேன். தோள் வலி ஒன்றும் இல்லை என்கிறார்.

சட்டையை யார் மாட்டிவிடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை அடையாள அட்டையோடு அவரை என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.