வாசகர் கேள்வி – பதில்: வாணவேடிக்கையைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் விடப்பட்ட வாணவேடிக்கையை, புதிதாக வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஆட்டோ மோடில் வைத்து எடுத்தேன். வானம் சாம்பல் பூத்ததுபோலவும், வாணங்கள் வெறும் வெள்ளைக் கோடுகளாகவும் விழுந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த சிவப்பும் பச்சையும் படத்தில் எங்கே போயின?
– வாசகர், பாலக்கோடு

பதில்: நிறங்கள் எங்கும் போகவில்லை, வெளிச்சம் மிகுந்து வெளுத்துவிட்டன. படச் சட்டத்தில் பெரும்பகுதி இருட்டாக இருப்பதைக் கண்ட உங்கள் கேமரா, இருட்டான வானத்தை வெளிச்சமாக்குவதே தன் வேலை என்று எண்ணிக்கொண்டு, ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை ஆயிரங்களுக்கு ஏற்றி, லென்ஸின் ஒளித்திறப்பான அப்பர்ச்சரையும் முழுவதுமாகத் திறந்திருக்கும். தானே எரிந்து ஒளிவிடும் பொருளுக்கு அவ்வளவு உபசாரம் தேவையில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். வாணத்தின் பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை. படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் ஒரு புள்ளியைத் தொட்ட மறுகணமே அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது. ஆகவே ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தாலும் எட்டு விநாடி திறந்து வைத்தாலும் அந்தப் பொறி வரையும் கோட்டின் பிரகாசம் மாறாது. கோட்டின் நீளமும், ஒரே படத்தில் வந்து சேரும், வாணம் வெடித்து விரியும் பூக்களின் எண்ணிக்கையுமே மாறும். கோட்டின் பிரகாசத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும்தான். மாறாக, தெருவிளக்கும் கோபுரத்தில் சுற்றிய சீரியல் விளக்கும் நின்ற இடத்திலேயே எரிவதால், ஷட்டர் திறந்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அவற்றின் வெளிச்சம் படத்தில் ஏறிக்கொண்டே போகும்.

எனவே மேனுவல் மோடுக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் எஃப் 11, ஷட்டர் 4 விநாடி என்று தொடங்குங்கள். முதல் இரண்டு வாணங்களை எடுத்தவுடன் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப் எண் கூடினால் திறப்பு சிறுக்கும், ஆகவே பூ வெளுத்திருந்தால் எஃப் 16. மங்கியிருந்தால் எஃப் 8. பூ சரியாக இருந்து கோபுரம் மட்டும் வெளுத்திருந்தால், அப்பர்ச்சரைத் தொடாமல் ஷட்டரை 2 விநாடியாகக் குறையுங்கள். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெயிலுக்கு உரியதில் வைத்து, சென்சார் பிடித்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் பதிவு செய்யுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது சில மீட்டருக்கு மேல் எட்டாது, முன்னால் நிற்பவரின் பின்னந்தலையையும் புகையையும்தான் வெளிச்சமாக்கும்.

ஃபோகஸைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். தை மாத இரவொன்றில் கோயில் கலசத்தருகே எரிந்த பல்பை, பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கி, கூர்மையாக ஃபோகஸ் செய்து, மேனுவல் ஃபோகஸுக்கும் மாற்றிவிட்டு, வேடிக்கை தொடங்கியபின் சட்டம் சிறிது நெருக்கமாக இருக்கட்டுமே என்று ஜூமை மட்டும் திருகினேன். பல லென்ஸ்களில் ஜூமைத் திருகினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும் என்பது தெரிந்திருந்தும் அந்தப் பரபரப்பில் மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அன்றைய படங்கள் அத்தனையிலும் பொறிகள் பஞ்சு உருண்டைகளாக இருந்தன. அன்று முதல் ஃபோகஸ் செய்த கையோடு லென்ஸின் ஃபோகஸ், ஜூம் வளையங்கள் இரண்டையும் சேர்த்து டேப் ஒட்டிவிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் முக்காலி இல்லை. நான்கு விநாடி ஆடாமல் கேமராவை எப்படிப் பிடிப்பது? எந்தக் கணத்தில் பட்டனை அழுத்துவது?
– கல்லூரி மாணவி, பென்னாகரம்

பதில்: கையில் பிடிக்க முடியாது, முயல வேண்டாம். நம் பகுதி வீடுகளில் எப்போதும் இருக்கும் கேழ்வரகு மாவு இரண்டு கிலோவை ஒரு துணிப்பையில் தளர்வாகக் கட்டி, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, அதன் நடுவில் கேமராவை அழுத்தி உட்காரவையுங்கள். மாவு லென்ஸின் அடியில் குழிந்து, வேண்டிய கோணத்தில் தாங்கிக்கொள்ளும். பையை மட்டும் இரட்டைத் துணியில் தைத்துக்கொள்ளுங்கள், மாவு லென்ஸுக்குள் போனால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும். கேமராவிலோ லென்ஸிலோ ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

பட்டனை விரலால் அழுத்தினாலே கேமரா அசையும் என்பதால், ஒயர் ரிமோட் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது, விலை அதிகமில்லை. இரண்டு விநாடி டைமர் அசைவைத் தடுக்கும், ஆனால் கணத்தைத் தவறவிடச் செய்யும். வாணம் குழாயிலிருந்து கிளம்பும்போது ‘தொப்’பென்று ஓர் ஓசை எழும். அருகில் நின்றால் அந்த ஓசைக்கே ஷட்டரைத் திறந்து, பூ விரிந்து இதழ்கள் கீழே வளையும்வரை காத்திருந்து மூடுங்கள். தொலைவில் நின்றால் ஓசையை நம்ப முடியாது. அது விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் வந்து சேரும். அங்கே வாணத்தின் வால் மேலேறுவதைக் கண்ணால் பார்த்தே திறக்க வேண்டும்.

கேள்வி: செல்போனில் நல்ல படம் வருமா?
– இல்லத்தரசி, காவேரிப்பட்டணம்

பதில்: ஓரளவு வரும். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாற்ற முடியாதபடி எஃப் 1.8 போன்ற அகலத் திறப்பிலேயே நிற்பதுதான் இடைஞ்சல். நான் மேலே சொன்ன எஃப் 11உடன் ஒப்பிட்டால் அது முப்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது, ஐ.எஸ்.ஓ.வை 50க்கு இறக்கினாலும் கோடுகள் வெளுக்கவே செய்யும். இதற்கு ஒரு வீட்டு வைத்தியம் உண்டு. சாம்பல் நிறக் கூலிங் கிளாஸின் ஒரு கண்ணாடியை லென்ஸை ஒட்டிப் பிடித்து, அளவுகளை நாமே மாற்றக்கூடிய ப்ரோ மோடில் ஐ.எஸ்.ஓ.வை இருப்பதில் மிகக் குறைந்த அளவிலும் ஷட்டரை 2 விநாடியிலும் வைத்து எடுத்துப் பாருங்கள். சிவப்பு சிவப்பாகவே விழும். போனைச் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்துங்கள், ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், டிஜிட்டல் ஜூமைத் தொடாதீர்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கே நின்று எடுத்தால் படம் அழகாக அமையும்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கறுப்பு வானில் வாணம் மட்டும் உள்ள படத்தை எந்த ஊரில் வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் ஊருக்குக் கோட்டை மலை இருக்கிறது, ஓசூருக்குச் சந்திரசூடேஸ்வரர் மலை இருக்கிறது; அவற்றை விட்டுவிட்டு எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வாணம் மலைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வெடிக்கும்படி ஓர் இடத்தைப் பகலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். புகைமேல் படும் ஒளி, பாறையின் விளிம்பைக் கோடு கிழித்ததுபோல் காட்டிக்கொடுக்கும். தொலைவு அதிகமாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்: பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சுமார் 180 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் அடங்கும்.

நெடுஞ்சாலை மேம்பாலங்களை விட்டுவிடுங்கள். அங்கே நிற்பது ஆபத்து என்பதோடு, ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் பாலம் அதிர்ந்து கோடுகளெல்லாம் நடுங்கிப்போகும்.

காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வாணத்தை நோக்கி வீச வேண்டும். இல்லாவிட்டால் புகை உங்கள் பக்கமே வந்து கவியும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். காற்றே இல்லாத இரவில், புகை சேருவதற்கு முந்தைய முதல் ஐந்து நிமிடப் படங்களே மிஞ்சும்.

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டி வருவதை மறந்துவிடாதீர்கள். முழுநிலவைப் பதிவு செய்ய ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11இல் விநாடியில் நூறில் ஒரு பங்கே போதும். 4 விநாடி என்பது அதைப்போல் 400 மடங்கு. நிலா, தேய்த்த வெள்ளைப் பொட்டாகத்தான் விழும். முன்னிரவில் அது கிழக்கு வானில் இருக்கும் என்பதால், மேற்குப் பார்த்துப் படமெடுக்கும்படி நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: பல வாணங்களை ஒரே படத்தில் சேர்க்க முடியுமா?
– வாசகர், அரூர்

பதில்: முடியும். பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் மூடாத பல்ப் மோடில் அதைத் திறந்து வைத்து, பூ விரியும்போது மட்டும் லென்ஸின் முன்னாலிருந்து கறுப்பு அட்டையை விலக்கி, அது அணைந்ததும் மீண்டும் மறையுங்கள். அட்டை லென்ஸைத் தொடக் கூடாது. மூன்று பூக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு ஏழு என்று போனால் நடுப்பகுதி வெள்ளைக் குவியலாகிவிடும்.

கேள்வி: தீபாவளி இரவில் எடுக்கும் படங்கள் எனக்குச் சரியாக வருவதே இல்லை. ஏன்?
– வாசகர், தருமபுரி

பதில்: திருவிழாவில் ஓரிடத்திலிருந்து வாணம் கிளம்பும், தீபாவளியன்று ஊரெங்கும் கிளம்பும். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தபின், தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் ஒதுக்கப்படுகிறது. அந்த இரவு ஒரு மணி நேரத்தில் ஒரு வாணத்தைத் துரத்திக்கொண்டு கேமராவைத் திருப்பாதீர்கள். உயரமான மாடியில் அகலக் கோண லென்ஸைப் பொருத்தி, வீட்டுக் கூரைகளின் வரிசை சட்டத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் அமையும்படி நிறுத்தி, எஃப் 11இல் 10 விநாடி வீதம் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்’ என்ற, நீண்ட நேரப் படங்களில் புள்ளிகளைக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் கேமராவை முடக்கிப்போடும்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளிரில் லென்ஸ் மங்கிவிடுகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஊரில் அது இயல்பே. திறந்த வானத்தின்கீழ் கண்ணாடி குளிர்ந்ததும் அதன்மேல் பனி படிகிறது. காத்திருக்கும் நேரமெல்லாம் லென்ஸ் மூடியைப் போட்டு, லென்ஸின் முன்னே மாட்டும் மறைப்பான ஹூட் பொருத்தி, லென்ஸைத் தரை நோக்கித் திருப்பி வையுங்கள். படிந்துவிட்டால் வாயால் ஊதாதீர்கள், இன்னும் மங்கும். உள்சட்டைப் பையில் வெதுவெதுப்பாக வைத்திருந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் டேப் ஒட்டாத ஃபோகஸ் வளையம் நகர்ந்துவிடும்.