கல்லூரிக் கட்டணம் (டியூசன் ஃபீஸ்) இலவசமாக இருக்க வேண்டுமா?

வேண்டும். ஆனால் கேள்வியில் 'டியூசன் ஃபீஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் திருகோணமலை. எங்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம், கோணேஸ்வரா இந்துக் கல்லூரி மாதிரி. நீங்கள் சொல்லும் கல்லூரி எங்களுக்குக் கம்பஸ். டியூசன் ஃபீஸ் என்றால் கம்பஸுக்குக் கட்டுகிற காசு இல்லை, ஏ.எல். (கம்பஸுக்கு முந்திய உயர்தரப் பரீட்சை) படிக்கிற பிள்ளை பின்னேரத் தனியார் வகுப்புக்குக் கட்டுகிற காசு.

இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 1945இல் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை. பேராதனையில் நாலு வருசம் விவசாயபீடத்தில் படித்தேன், வகுப்புக்கென்று ஒரு சதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன், அவ்வளவுதான். ஆகவே இலவசம் கூடாது என்று யாராவது வாதம் பண்ணினால் நான் அந்தப் பக்கம் இல்லை.

ஆனால் காசு போனது அதற்கு முன்னால், டியூசனுக்கு. அப்பா திருக்கடலூரில் மீன்பிடி. வாடைக்காற்று தொடங்கினால் வள்ளம் கரையில்தான், கார்த்திகை மார்கழியில் வீட்டில் கையிருப்பு என்று ஒன்று இருக்காது. டியூசன் வகுப்பில் ஆளுக்கு ஒரு கார்ட் தருவார்கள், மாதக் காசு கட்டினால் அந்த மாதக் கட்டத்தில் சீல் குத்துவார்கள், வாசலில் ஒரு பெடியன் கதிரை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கார்டாகப் பார்ப்பான். என் உயிரியல் கார்டில் நவம்பரும் டிசம்பரும் வெறுங்கட்டம். கூட்டம் தள்ளுகிற நேரம் பார்த்து, அந்த ரெண்டு கட்டத்தையும் பெருவிரலால் மறைத்துக்கொண்டு உள்ளே போவேன். அவனுக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்திலும் ஏ.எல். இலவசம்தானே என்று கேட்பீர்கள். இலவசம்தான், ஆனால் எங்கள் வகுப்பில் இரசாயனவியலுக்கு ஒன்றரை வருசம் ஆசிரியர் இல்லை.

அப்புறம் கம்பஸ் அனுமதி. இசட் புள்ளி (ஏ.எல். புள்ளிகளை ஒப்பிடத் தரப்படுத்திய கணக்கு) பார்த்து பெரும்பாலான துறைகளில் இடங்களின் 40 வீதம் அகில இலங்கைத் தரப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, கொழும்புப் பிள்ளையைவிடக் குறைந்த புள்ளியோடுதான் நான் உள்ளே போனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஆசிரியர் இல்லாத அந்த ஒன்றரை வருசத்தை யாரும் புள்ளியில் சேர்க்கவில்லையே. அப்படியிருந்தும் ஏ.எல். சித்தியடைந்து தகுதி பெறுகிறவர்களில் பெரும்பான்மையோருக்கு இடம் கிடைப்பதில்லை. கட்டணத்தை எடுத்துவிட்டால் கதவு அகலமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இடத்தைக் கூட்டாமல் இலவசம் மட்டும் கொடுத்தால், உள்ளே போவதற்கான போட்டி டியூசன் வகுப்புக்குப் போய்விடுகிறது, அங்கே காசுள்ளவன்தான் முன்வரிசை.

உள்ளே போன பிறகும் செலவு இருக்கிறது. விடுதி கிடைக்காத வருசம் மூன்று பேர் சேர்ந்து ஒரு போடிங் அறை, சாப்பாடு, ஹபரணை, தம்புள்ளை தாண்டி வீட்டுக்கு வந்துபோகிற பஸ் காசு. மஹாபொல உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள். நல்லது, ஆனால் அந்த 7,500 ரூபாவில் அறை வாடகையைக் கழித்துவிட்டு மூன்று வேளை சாப்பிட்டுப் பாருங்கள்.

"மற்றவன் வரியில் நீ ஏன் படிக்க வேண்டும்" என்று சிலர் கேட்கிறார்கள். சரி, வரி யார் கட்டுவது? பொருள் வாங்கும்போது கட்டுகிற வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். சவர்க்காரம் வாங்குகிற என் அம்மாவும் கட்டுகிறார், பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்ப முடியாத பக்கத்து வீட்டு மாமியும் கட்டுகிறார். அந்த மாமி கேட்டால் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டம். மற்றவர்கள் கேட்டால் கஷ்டமில்லை.

என் கையில் காசு இருந்தால் முதலில் வெருகல், மூதூர் பக்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியரை அனுப்பி, அவர்கள் அங்கேயே தங்க வீடும் கொடுப்பேன். அக்கா கலியாணம் முடித்து வெருகலில் இருக்கிறார். ஏ.எல்.லுக்கு முந்திய ஓ.எல். பரீட்சையில் அவருடைய மகளுக்குக் கணிதத்தில் ஏ தரம். போன வருசம் ஏ.எல்.லுக்குக் கலைப்பிரிவு எடுத்திருக்கிறாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். "கலைக்கு டியூசன் தேவையில்லை மாமா" என்றாள்.