நாள்கணக்கில் ஓடுபவர்களின் மன உறுதி எங்கிருந்து வருகிறது? அதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

நூறு மைல், இருநூறு மைல் என்று ஓடுபவர்கள் பிறவியிலேயே வலி தாங்கும் மனம் படைத்தவர்களா, அவர்கள் மெதுவாக ஓடுவதை மணிக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஓட்டக்காரன் அல்லன். பல ஆண்டுகளாக இப்பந்தயங்களை விரும்பித் தொடர்ந்து பார்த்து வருபவன். பார்த்த அளவில், இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 'தொடர்ந்து ஓடுவேன்' என்ற ஒரே முடிவை, முந்தைய முறையைவிட மோசமான நிலையில் இருந்துகொண்டு, மறுபடியும் மறுபடியும் எடுப்பதுதான் இவர்களுடைய மன உறுதி. பார்வையாளர்களாகிய நாம் விழித்திருந்து பார்ப்பதும் அந்த முடிவு எடுக்கப்படும் கணத்தைத்தான்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் பந்தய முறை 'பேக்யார்ட் அல்ட்ரா'. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பெல் பக்கிள் என்னும் சிற்றூரில், லாசரஸ் லேக் என்ற பெயரால் அறியப்படும் கேரி கான்ட்ரெல் உருவாக்கியது. விதி எளிமையானது. ஒரு சுற்று 6.7 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் அதை முடிக்க வேண்டும், அடுத்த மணி தொடங்கும்போது எல்லாரும் மீண்டும் தொடக்கக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். இப்படி 24 சுற்று ஓடினால் சரியாக 100 மைல் ஆகிறது. ஆனால் 24இல் முடிவதில்லை, 48இலும் முடிவதில்லை. எல்லாரும் விலகி, கடைசியாக ஒருவர் மட்டும் தனியாக ஒரு சுற்றை ஓடி முடிக்கும்வரை பந்தயம் தொடர்கிறது. அந்த ஒருவரைத் தவிர மற்ற அனைவரும், நான்கு நாள் ஓடியிருந்தாலும், 'முடிக்காதவர்' என்றே பதிவாகிறார்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை இதில் அச்சுறுத்தும் அம்சம் எதுவும் இல்லை. ஓரளவு பயிற்சி உள்ள யாரும் ஒரு சுற்றை ஐம்பது நிமிடத்தில் முடித்துவிடலாம். மிஞ்சும் சில நிமிடங்களுக்குள் சாப்பிட வேண்டும், காலுறை மாற்ற வேண்டும், கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட வேண்டும், கண்ணை மூடித் தூங்கவும் வேண்டும். மணி அடிப்பதற்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மூன்று முறை விசில் ஒலிக்கிறது, இரண்டு நிமிடத்தில் இரண்டு முறை, ஒரு நிமிடத்தில் ஒரு முறை. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் எழுந்து கோட்டுக்குள் போகிறாரா என்பதே அந்த மூன்று நிமிடங்களின் கதை. மற்றப் பந்தயங்களில் பாதியில் விலகுவதென்றால் காட்டுக்குள் நின்றுகொண்டு எப்படித் திரும்புவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். இங்கே ஒவ்வொரு மணியும் ஓட்டக்காரரை அவருடைய போர்வைக்கும் சூடான உணவுக்கும் அருகிலேயே கொண்டுவந்து விடுகிறது. விலகுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அதனாலேயே விலகாமல் இருப்பது இவ்வளவு கடினமாகிறது.

2023 அக்டோபரில் பெல் பக்கிளில் நடந்த தனிநபர் உலகப் போட்டியில் 75 பேர் கலந்துகொண்டார்கள். சின்சினாட்டி நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹார்வி லூயிஸ், தமது 47ஆம் வயதில், 108 சுற்று ஓடி வென்றார். நான்கரை நாள், ஏறத்தாழ 724 கிலோமீட்டர். அங்கே காலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஓட்டம் இந்தியாவில் மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. அதன்பின் நம் கடிகாரத்தில் ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு மணியோசை. நேரலையில் முதல் நாளைப் பார்த்தவர்களுக்கு அது சலிப்பூட்டியிருக்கக்கூடும், ஏனெனில் அப்போது எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். மூன்றாம் இரவில் அதே முகங்களைப் பார்க்கும்போது, யார் எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார், யார் உதவியாளர் சொல்வதைக் காதில் வாங்காமல் வெறித்துப் பார்க்கிறார், நேற்று நாற்பத்தெட்டு நிமிடத்தில் வந்தவர் இன்று ஐம்பத்தைந்தில் வருவதற்கு என்ன காரணம் என்பதெல்லாம் நமக்கே புரியத் தொடங்கிவிடுகிறது. விளையாட்டை ரசிப்பதற்குத் தேவையான இந்த அறிவு, நேரத்தைச் செலவழித்தவருக்கு மட்டுமே கிடைப்பது. சில நிமிடங்களுக்குச் சுருக்கிய காணொளியில் அது வராது.

இந்தப் பந்தயத்தில் என்னை மிகவும் கவர்ந்தது தோற்பவரின் இடம். வென்றவர் எத்தனை சுற்று ஓட முடியும் என்பதை அவருக்கு முன் கடைசியாக விலகியவரே தீர்மானிக்கிறார். அவர் நின்ற பிறகு ஒரே ஒரு சுற்றுக்குத்தான் அனுமதி உண்டு. ஆகவே அவருடைய இடத்தை 'அசிஸ்ட்' (துணை நின்றவர்) என்று அழைத்து மதிக்கிறார்கள். 2023இல் 107 சுற்று ஓடி லூயிஸை 108க்குக் கொண்டுசென்றவர், உக்ரைனில் பிறந்து கனடாவில் வாழும் இகோர் வெரிஸ். 2018இல் அமெரிக்க ஓட்டக்காரி கோர்ட்னி டோவால்டர் 67 சுற்றில் விலகியதால்தான் சுவீடனின் யோஹான் ஸ்டீன் 68இல் வென்றார். இரண்டாண்டு கழித்து பெல் பக்கிளிலேயே டோவால்டர் 68 சுற்று ஓடி வென்றபோது அசிஸ்ட் இடத்தில் இருந்தவர் லூயிஸ். 2022இல் பெல்ஜியத்தில் மெரைன் கீர்ட்ஸ், இவோ ஸ்டேயார்ட் இருவரும் 101 சுற்று ஓடி உலகச் சாதனை படைத்த கையோடு ஒன்றாக நின்றுவிட்டார்கள். விதிப்படி அங்கே வென்றவர் எவரும் இல்லை. எதிராளி சோர்ந்தால் தனக்கும் ஓட்டம் முடிந்துவிடும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்கும் வேறொரு போட்டியை நான் பார்த்ததில்லை.

இந்த உறுதி பிறவியிலேயே வருவதா என்று கேட்டால், டோவால்டரின் வாழ்க்கையைப் பார்க்கும்படி சொல்வேன். முன்பு அறிவியல் ஆசிரியராக இருந்த அவர், 2012இல் கொலராடோவில் தமது முதல் நூறு மைல் பந்தயத்தில் பாதி வழிக்கு மேல் வந்த நிலையில் விலகியவர். அதே பெண்தான் 2023 கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யுடிஎம்பி ஆகிய மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே பருவத்தில் வென்றார். வலியை ஒரு குகையாகக் கற்பனை செய்துகொள்வதாக அவர் கூறியிருக்கிறார்: தொடக்கத்தில் அதற்குள் போகாமல் தப்பிக்கப் பார்த்தாராம்; பிறகு, உளி எடுத்துக்கொண்டு உள்ளே சென்று அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவதே தம் வேலை என்று எண்ணத் தொடங்கினாராம். ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேலே மார்கோரா குழுவினர் 2009இல் வெளியிட்ட சோதனையில், தொண்ணூறு நிமிடம் கணினியில் கவனத்தைச் செலுத்தும் கடும் வேலை செய்துவிட்டு மிதிவண்டி ஓட்டியவர்கள், மனச்சோர்வில்லாமல் ஓட்டியதைவிட முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் அளவீட்டில் வேறுபடவில்லை. வேலை கடினமாக இருக்கிறது என்ற உணர்வே கூடியிருந்தது. உடல் முற்றிலும் தீர்ந்துபோகும் முன்பே மனம் நிறுத்தச் சொல்லிவிடுகிறது என்றால், அந்தச் சொல்லோடு பழகுவதற்கும் பயிற்சி உண்டு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கான்ட்ரெல் 1986இல் தொடங்கிய பார்க்லி மாரத்தான், பார்ப்பவர்களைப் பொறுத்தவரை, பேக்யார்டுக்கு நேர்மாறானது. அங்கே பார்ப்பதற்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. டென்னசியின் ஃப்ரோசன் ஹெட் பூங்காவில், ஜிபிஎஸ் இல்லாமல், வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு, சுமார் 20 மைல் கொண்ட ஐந்து சுற்றுகளை 60 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். காட்டில் ஒளித்து வைத்த புத்தகங்களிலிருந்து தமது பந்தய எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வருவதே சுற்றியதற்குச் சான்று. நேரலை கிடையாது. முகாமிலிருந்து கீத் டன் எழுதும் சில வரிச் செய்திகளுக்காக உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். சுற்று தொடங்கி முடியும் இடமான மஞ்சள் நிற வாயிற்கதவை யாராவது தொட்டாரா என்பது மட்டுமே செய்தி, மற்றதெல்லாம் நம் கற்பனை. 2017இல் கேரி ராபின்ஸ் நேரம் கடந்து ஆறு வினாடியில், அதுவும் பனிமூட்டத்தில் வழி தவறி எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தார். பெல்ஜியத்தின் பல் மருத்துவர் கரேல் சாப் 2022இல் உறக்கமின்மையால் மனம் குழம்பி, குப்பைத் தொட்டி ஒன்றிடம் வழி கேட்கும் நிலைக்குப் போனவர். மறு ஆண்டே திரும்பி வந்து முடித்தார். 2024இல் ஜாஸ்மின் பாரிஸ் 59 மணி 58 நிமிடம் 21 வினாடியில் கதவைத் தொட்டு அங்கேயே சரிந்தார். பார்க்லியை முடித்த முதல் பெண் அவர். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வந்து முடிக்காமல் திரும்பியிருந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு, எஞ்சிய அந்த 99 வினாடிகளின் மதிப்பு வேறு. அதே ஆண்டு முதலாவதாக முடித்தவர், ஐந்து மாதம் முன்பு லூயிஸுக்கு அசிஸ்ட் செய்த வெரிஸ்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உறுதி என்ற பெயரில் எதையும் தாங்கலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீரென வீசிய குளிர்காற்றிலும் ஆலங்கட்டி மழையிலும் 172 பேரில் 21 பேர் உயிரிழந்தார்கள். நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். அவர்களிடம் மன உறுதிக்குக் குறைவிருக்கவில்லை. உடல் வெப்பம் இறங்கும்போது மன உறுதியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அங்கே காக்க வேண்டியது அமைப்பாளர்களின் முன்னேற்பாடு. ஆகவே ஒருவர் விலகும்போது ஏளனம் செய்யும் பார்வையாளர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. நிற்பதா தொடர்வதா என்று சரியாகக் கணிப்பதும் அதே மனத்தின் வேலைதான்.

நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால், பார்க்லியில் தொடங்க வேண்டாம். பெல் பக்கிளில் தனிநபர் உலகப் போட்டி நடக்கும் ஒற்றைப்படை ஆண்டின் அக்டோபரில் நேரலையைத் திறந்து வையுங்கள். முதல் 24 மணி நேரத்தைத் தவறவிட்டாலும் பெரிய இழப்பில்லை. இரண்டாம் இரவிலிருந்து ஓட்டத்தைவிடக் கூடாரங்களைக் கவனியுங்கள்: உதவியாளர் என்ன ஊட்டுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், முதல் விசிலுக்கு எழுந்தவர் யார், கடைசி விசில்வரை காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தவர் யார். இரண்டு பேர் மட்டும் மிஞ்சும் கட்டத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு மணி நேரத்திலும் முடியலாம், ஒரு நாள் முழுவதும் நீளவும் செய்யலாம்.