கேளுங்கள், சொல்கிறோம்: வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

கேள்வி: மகள் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ படிக்கிறாள். மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம், வீட்டில் தமிழ்தான். தமிழ்நாட்டு பொறியியல் கவுன்சலிங்கில் போட்டால் கோவையில் நல்ல காலேஜ் கிடைக்கும் என்கிறார் அவள் மாமா. கேரளத்துப் பொறியியல் நுழைவுத்தேர்வான கீம் எழுதித்தான் ஆகணுமா?
— வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: முதலில் கீம் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு பொறியியல் கவுன்சலிங்கில் வீட்டு மொழிக்கு இடமில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மாநிலத்து இருப்பிடச் சான்று (நேட்டிவிட்டி) வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் கடிதத்தில் சொன்னவை எதிலும் பொருந்தவில்லை. 7.5 சதவீத ஒதுக்கீடும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத்தான். ஆக, மிஞ்சுவது மேனேஜ்மென்ட் சீட். மாமா வாக்குக் கொடுப்பது அதைத்தான் என்றால், செலவு யார் பொறுப்பு என்றும் கேட்டுவிடுங்கள்!

கீம் ரேங்கில் பாதி நுழைவுத்தேர்வுக்கு, பாதி பிளஸ் டூ கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மதிப்பெண்ணுக்கு. 150 கேள்விகளில் 75 கணக்கு, 45 பிசிக்ஸ், 30 கெமிஸ்ட்ரி. சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். குருட்டாம்போக்கில் குறிக்க வேண்டாம். பொதுத்தேர்வு ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் விண்ணப்பத் தேதி தாண்டியிருக்கும்.

சாதி ஒதுக்கீடு கேட்பதானால், உங்கள் சாதி கேரளப் பட்டியலில் இருக்கிறதா என்று வில்லேஜ் ஆபீசில் இப்போதே பாருங்கள். தமிழ்நாட்டில் பிசி என்பதால் இங்கேயும் ஒதுக்கீடு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. பிற்பட்டோரில் வசதி மிக்க பிரிவில் இல்லை என்று காட்டும் நான்-கிரீமிலேயர் சான்றையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

பலரும் இடறுவது ஆப்ஷன் கொடுக்கும்போதுதான், அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது. ‘கிடைக்கக்கூடியது’ எதுவோ அதை முதலில் போடுவார்கள். மகள் எதை அதிகம் விரும்புகிறாளோ அதுதான் மேலே வரவேண்டும்: திருச்சூர் அரசுக் கல்லூரி, ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசுக் கல்லூரி, அகத்தேத்தறை என்எஸ்எஸ் என்று அவள் மனசுப்படி. ஓரிடம் ஒதுக்கப்பட்டால் அதற்குக் கீழே உள்ளவை தானாகவே போய்விடும். மேலே உள்ளவை இருக்க வேண்டுமானால், அந்தச் சுற்றுக்கான கட்டணத்தைத் தேதிக்குள் கட்டி, அடுத்த சுற்றுக்கு உறுதிசெய்ய வேண்டும். கட்டாவிட்டால் கிடைத்ததும் போகும், மேலே இருப்பதும் போகும். மேல் ஆப்ஷன் கிடைத்துவிட்டால் பழைய இடம் கைவிட்டுப் போகும். ஆகவே, போக விருப்பமில்லாத கல்லூரியைப் பட்டியலில் எழுதவே எழுதாதீர்கள்.

கேள்வி: ஒரு கல்லூரி விளம்பரத்தில் ‘நாக் ஏ பிளஸ்’, பெரிய சம்பளம் என்றெல்லாம் இருக்கிறது. எதை நம்புவது?
— வாசகர், சித்தூர்

பதில்: நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பு; அதன் தரம் கல்லூரி முழுமைக்கும். படிப்புகளை மதிப்பிடும் இன்னொரு தேசிய அமைப்பான என்பிஏவின் அங்கீகாரமோ ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி, காலவரையறையும் உண்டு. நீங்கள் சேரும் பிரிவுக்கு உண்டா, எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். ‘அதிகபட்ச சம்பளம்’ ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். அந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர், வேலை கிடைத்தவர் எத்தனை பேர், நடுவில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தப் பிரிவில் அரியர் இல்லாமல் முடித்தவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பதில் சொல்லாமல் லேப் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனால், வேறு கல்லூரி பாருங்கள்.